அக்காவைக் கேளுங்க: முதல் ஆல்பம் எது, 1996ஆ 1997ஆ?

கேள்வி: அக்கா, எங்க வீட்ல ஒரு வாரமா சண்டை. பேக்ஸ்ட்ரீட் பாய்ஸோட முதல் ஆல்பம் 1996னு அண்ணன் சொல்றான், நான் 1997ங்கிறேன். தேடிப் பாத்தா ரெண்டு பேருக்குமே ஆதாரம் கிடைக்குது. அதுல 'ஐ வாண்ட் இட் தட் வே' உண்டா இல்லையா, அதையும் சொல்லிடுங்க.
(கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: ரெண்டு பேர் சொல்றதும் சரிதான்மா, சண்டைய விடுங்க. அஞ்சு பேரும் அமெரிக்கப் பசங்க, பாட்டுக் குழுவா சேந்தது ஃப்ளோரிடாவுல ஆர்லாண்டோவுல, 1993 ஏப்ரல்ல. அதுல கெவினும் ப்ரையனும் கென்டக்கிக்காரங்க, உறவுமுறைல அண்ணன் தம்பி. ப்ரையன் ஸ்கூல்ல இருக்கறப்ப கெவின்கிட்ட இருந்து ஃபோன் வருது, மறுநாளே ஃப்ளைட் ஏறி ஆர்லாண்டோ வந்துட்டாரு, அந்த ஏப்ரல் 20தான் இன்னிக்கும் குழுவோட பிறந்தநாள். குழுல கடைக்குட்டி நிக்குக்கு அப்ப வயசு வெறும் 13.

ஆனா பாருங்க, முதல் சிங்கிள், அதாவது தனியா விட்ட பாட்டு, 'வீவ் காட் இட் கோயின் ஆன்' 1995ல வந்தப்ப சொந்த நாட்டுல அத யாரும் பெருசா கண்டுக்கல, அமெரிக்கப் பாட்டு வரிசையான பில்போர்ட் ஹாட் 100ல 69வது இடத்தோட நின்னுடுச்சு. அதே பாட்டு ஜெர்மனில முதல் அஞ்சுக்குள்ள. அதனால கம்பெனிக்காரங்க பசங்கள ஐரோப்பாவுக்கே கூட்டிட்டுப் போய் சுத்த விட்டாங்க, 1996 மே மாசம் ஆல்பமும் வெளிநாட்டுலதான் வந்துச்சு. உங்க அண்ணன் சொல்றது அது.

அமெரிக்காவுக்கு ஆல்பம் போனது 1997 ஆகஸ்ட்ல. அதுக்குள்ள வெளிநாட்டுக்குன்னு ரெண்டாவது ஆல்பமே தயார், அதனால முதல்ல இருந்து கொஞ்சம் ரெண்டாவதுல இருந்து கொஞ்சம் எடுத்து அதே பேர்ல, அதாவது குழு பேரையே வச்சு, அமெரிக்காவுக்கு ஒரு "முதல் ஆல்பம்" பண்ணாங்க. நீங்க சொல்றது இது. இதுல ஒரு சிக்கல் வந்துச்சு: 'எவ்ரிபடி' பாட்டுல "நாங்க திரும்பி வந்துட்டோம்"னு பாடுவாங்கல்ல, முதல் தடவ வர்றவங்க எப்படி திரும்பி வர முடியும்னு கம்பெனி அத சேக்கவே இல்ல, அப்புறம் கேக்குறவங்க ஆசைப்பட்டதால அடுத்தடுத்த பதிப்புல சேத்தாங்க. அந்த அமெரிக்க ஆல்பம் அங்க மட்டும் 1 கோடியே 40 லட்சம் காப்பிக்கு சர்டிஃபிகேட் வாங்குன ஆல்பம்.

'ஐ வாண்ட் இட் தட் வே' ரெண்டுலயும் கிடையாது, அது 1999ல வந்த 'மில்லேனியம்' ஆல்பம்.

கேள்வி: இவ்வளவு வித்தும் பசங்களுக்கு காசு வரலன்னு படிச்சேன். நிஜமா மேடம்?
(வாசகர், கோவில்பட்டி)

பதில்: நிஜம்தான் சார், எனக்கு இப்ப நினைச்சாலும் வயிறு எரியுது. குழுவ ஆரம்பிச்சு காசு போட்டவர் லூ பேர்ல்மன். ஒப்பந்தத்துல தன்னையும் ஒரு மெம்பரா, ஆறாவது ஆளா எழுதிக்கிட்டு பங்கு எடுத்தாரு, மேனேஜர்ங்கிற முறைல வேற தனியா எடுத்தாரு. 1998ல பசங்க அவர் மேல கேஸ் போட்டாங்க. 1993ல இருந்து அதுவரைக்கும் அஞ்சு பேருக்கும் சேத்து கிடைச்சது 3 லட்சம் டாலர், அவர் பக்கம் போனது சுமார் 1 கோடி டாலர், இதான் கேஸ்ல சொன்ன கணக்கு. பின்னாடி வேறொரு பெரிய முதலீட்டு மோசடில மாட்டி 2008ல 25 வருஷ தண்டனை வாங்குனாரு, 2016ல சிறைல இருக்கும்போதே இறந்துட்டாரு. பதிமூணு வயசுப் பையன வச்சு ஒப்பந்தம் போடுறப்ப வீட்டுப் பெரியவங்க பக்கம் நின்னு படிச்சுப் பாக்க ஒரு நல்ல வக்கீல் இருந்திருக்கணும், அவ்வளவுதான் எனக்குத் தோணுது.

கேள்வி: அக்கா, பாய் பேண்டுன்னாலே மூஞ்சியும் டான்ஸும்தான், குரல் எல்லாம் கம்ப்யூட்டர் வேலைன்னு ஃப்ரெண்ட்ஸ் கலாய்க்கிறாங்க. நான் என்ன சொல்லட்டும்?
(ப்ளஸ் டூ மாணவர், தஞ்சாவூர்)

பதில்: தம்பி, குரலோட சுருதிய கம்ப்யூட்டர்ல சரி பண்ற ஆட்டோ-டியூன் விற்பனைக்கு வந்ததே 1997ல. இந்த முதல் ஆல்பம் பதிவானது அதுக்கு முன்னாடி, நிறைய வேலை ஸ்வீடன்ல, ஸ்டாக்ஹோம்ல ஷெய்ரான்னு ஒரு ஸ்டுடியோவுல. அங்க முக்கியமானவங்க ரெண்டு பேர், டென்னிஸ் பாப்னு ஒரு டிஜே, அவர்கிட்ட தொழில் கத்துக்கிட்ட மேக்ஸ் மார்ட்டின். மார்ட்டின் அதுக்கு முன்ன ஹெவி மெட்டல் பேண்டுல பாடிட்டிருந்தவர், இன்னிக்கு உலகத்துல அதிக ஹிட் குடுத்த, பாட்டு எழுதுறவங்கள்ல ஒருத்தர். டென்னிஸ் பாப் 1998 ஆகஸ்ட்ல கேன்சர்ல போயிட்டாரு, 35 வயசு. அந்த மனுஷன் பேர இந்த ஆல்பத்தப் பேசுறப்ப கட்டாயம் சொல்லணும், நிறைய பேர் சொல்றதில்ல.

பசங்களும் சும்மா வந்தவங்க இல்லப்பா. ஆல்பத்துக்கு முன்னாடியே ஸ்கூல் ஸ்கூலா, மால் மாலா போய் பாடினவங்க, வாத்தியமே இல்லாம அஞ்சு குரல மட்டும் வச்சு பாடிக் காட்டுவாங்க.

நான் இத முதல்ல கேட்டது ஹாஸ்டல்ல, ரூம்மேட்டோட வாக்மேன்ல, ஹெட்ஃபோன்ல ஒரு காது அவளுக்கு ஒரு காது எனக்கு. பல மாசம் அப்படித்தான் கேட்டேன். அப்புறம் ஒரு நாள் அவ ஊருக்குப் போனப்ப ரெண்டு காதுலயும் மாட்டி கேட்டேன் பாரு, பாட்டே வேற. கோரஸ்ல பின்னாடி அடுக்கடுக்கா குரல் வந்து சேருது, இத்தன நாள் அதுல பாதிதான் கேட்டிருக்கோம்னு அப்பதான் தெரிஞ்சுச்சு, அப்படியே கட்டில்ல உக்காந்துட்டேன்.

உன் ஃப்ரெண்ட்ஸுக்கு ஒண்ணு பண்ணு. 'க்விட் ப்ளேயிங் கேம்ஸ்' பாட்டோட 1996 ஆல்பம் வெர்ஷனயும் பின்னாடி வந்த சிங்கிள் வெர்ஷனயும் அடுத்தடுத்து போட்டுக் காட்டு. முதல்ல ரெண்டு சரணமும் ப்ரையன்தான் பாடுவாரு, அடுத்ததுல ரெண்டாவது சரணத்த நிக்குக்கு குடுத்திருப்பாங்க. ட்யூன் ஒண்ணுதான், வரி ஒண்ணுதான். ப்ரையன் பாடுறப்ப கெஞ்சுற மாதிரி இருக்கும், நிக் பாடுறப்ப ஒரு சின்னப் பையன் கோவிச்சுக்கிட்ட மாதிரி இருக்கும். ஹெட்ஃபோன் ரெண்டு காதுலயும் மாட்டிக்கச் சொல்லு.