பரமார்த்த உண்மை: கொழும்பு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (வெள்ளவத்தை): வேதாந்தம் பிரம்மம் என்கிறது, பௌத்தம் நிர்வாணம் என்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று கொள்ளலாமா ஐயா?

பதில்: கொள்ளக்கூடாது என்பதே என் கருத்து. நாம் அன்றாடம் கண்டு பழகும் உலகை விவகார நிலை என்றும், அதற்கு மேற்பட்டதைப் பரமார்த்த நிலை என்றும் பிரித்துப் பேசும் முறையில் இரு மரபுகளும் நெருங்கி நிற்கின்றன. அந்த மேல்நிலையில் கண்டது என்ன என்று கேட்டால் வழி பிரிந்துவிடுகிறது. சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர், தம் மகன் சுவேதகேதுவை இரவில் உப்பை நீரில் இடச் சொல்லி, காலையில் அதை எடுத்துத் தரும்படி கேட்கிறார். உப்பு அகப்படவில்லை. மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் பருகிப் பார்க்கச் சொல்கிறார், எங்கும் கரிக்கிறது. கண்ணுக்குப் படாவிட்டாலும் உள்பொருள் எங்கும் நிறைந்திருக்கிறது, அதுவே நீ என்பது உபதேசம். மிலிந்த பஞ்ஹ என்ற பௌத்த நூலில் மிலிந்த மன்னனோடு உரையாடும் துறவி நாகசேன தேரர் செய்வது இதற்கு நேர்மாறு. மன்னன் ஏறிவந்த தேரைக் காட்டி, அச்சு தேரா, சக்கரம் தேரா, ஏர்க்கால் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, உறுப்புகள் கூடியிருக்கும்போது வழங்கும் பெயரே தேர் என்றும், நாகசேனன் என்பதும் அத்தகைய பெயரே, அதற்குள் ஆள் என்று எவரும் இல்லை என்றும் நிறுவுகிறார். இவ்வளவு ஆழமான வேறுபாட்டை நல்லிணக்கத்தின் பெயரால் மூடிவிட்டால் இரு தரப்பையும் நாம் கேட்கவில்லை என்றே ஆகும்.

கேள்வி (பம்பலப்பிட்டி): அப்படியானால் பௌத்தத்தில் முடிவாக எஞ்சுவது வெறுமைதானா?

பதில்: எந்தப் பௌத்தம் என்று முதலில் பார்க்க வேண்டும். நம் அயலவர் பின்பற்றும் தேரவாதத்தில், தத்துவ ஆய்வுப் பிரிவான அபிதம்ம மரபு, சித்தம் (உணர்வு), சேதசிகம் (அதனோடு எழும் மனக்கூறுகள்), ரூபம் (சடப்பொருள்), நிப்பானம் (நிர்வாணத்தின் பாளி வடிவம்) எனப் பரமார்த்தங்கள் நான்கு என்கிறது. சித்தம் 89, சேதசிகம் 52, ரூபம் 28 என்று எண்ணியும் வைத்திருக்கிறது. முதல் மூன்றும் காரணங்களால் தோன்றி மறைவன. நிப்பானம் எதனாலும் ஆக்கப்படாதது. ஆகவே இதை வெறுமை என்பது தவறு. மகாயானத்தவரான நாகார்ஜுனரோ எதற்கும் பிறவற்றைச் சாராத தனித்த சுபாவம், அதாவது சொந்த இயல்பு, இல்லை, சார்ந்து தோன்றுவதையே சூனியம் என்கிறோம் என்றார். விவகார உண்மையைச் சாராமல் பரமார்த்தத்தைப் போதிக்க இயலாது என்று தம் நூலான மூலமத்யமக காரிகையின் 24ஆம் அதிகாரத்தில் சொன்னவரும் அவரே. அவருடைய வாதத்தை எடுத்துக்கொண்டு இங்குள்ள தேரர்களோடு வாதிடுவது பொருந்தாது.

கேள்வி (கொட்டாஞ்சேனை): சங்கரர் மறைமுகப் பௌத்தரா?

பதில்: அது அத்வைத வேதாந்தியான சங்கரர் மீது பிற வேதாந்திகள் சுமத்திய குற்றச்சாட்டு. சங்கரரின் குருவுக்குக் குரு எனப்படும் கௌடபாதரின் மாண்டூக்ய காரிகையில், குறிப்பாக நான்காம் பிரகரணத்தில் (பகுதியில்), பௌத்தச் சொல்வழக்கு மிகுதி என்பது மெய். ஆனால் சங்கரர் தம் பிரம்மசூத்திர உரையில் பௌத்தக் கொள்கைகளை நேராகவே மறுக்கிறார்.

கேள்வி (வத்தளை): நாங்கள் சைவர்கள். உலகம் மாயை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா?

பதில்: சொல்லலாம் அம்மா, ஆனால் பொய் என்ற பொருளில் சொல்லாதீர்கள். சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் அநாதி. பாசத்துள் ஒன்றான மாயை, குடத்துக்கு மண் போல உலகுக்கு முதற்காரணமான உள்பொருள். முத்தியிலும் உயிர் அழிவதில்லை, அதைக் கட்டிய மலம் நீங்கிச் சிவனோடு இரண்டறக் கலந்து நிற்கிறது. வேதாந்தச் சொற்பொழிவுகளைக் கேட்டு வளரும் பிள்ளைகள் இதைக் குழப்பிக்கொள்வது இயல்பே. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களையும் நல்ல உரையோடு படிக்கச் செய்யுங்கள். முதற் சூத்திரமே ‘அவன் அவள் அது’ என்று கண்ணெதிரே உள்ள உலகிலிருந்துதான் தொடங்குகிறது.