கணக்கு இல்லாத மாமியாரும் ரேகை விழாத விரலும்

கேள்வி: அஞ்செட்டிப் பக்கம் ஒரு மலைக்கிராமம் எங்களுடையது. கொரோனா சமயத்தில் ரேஷன் கடையில் கொடுத்த ஆயிரம் ரூபாய் என் மாமியார் கைக்கு வந்தது. ஜன்தன் கணக்கில் பெண்களுக்குப் போட்ட ஐந்நூறு வரவில்லை, அவருக்கு எந்த பேங்கிலும் கணக்கே கிடையாது. அப்புறம் கணக்கு ஆரம்பிக்கப் போனால், ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரில் ஒருவர், "இனி பணம் ஏதாவது வந்தால் என் கணக்கில் போடச் சொல்லுங்க, எடுத்துத் தரேன்" என்கிறார். சம்மதிக்கலாமா?
– ஒரு வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: வேண்டாம்மா. அவர் நல்லவராகவே இருக்கட்டும், பணம் எப்போது வந்தது, எவ்வளவு வந்தது என்று உங்கள் மாமியார் அவர் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

அந்த ஐந்நூறு, 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாதம் வந்தது, ஆக 1,500 ரூபாய். ஏற்கெனவே ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மட்டும்தான். கணக்கு இல்லாதவர்தான் பெரும்பாலும் கையில் காசும் இல்லாதவர், அவரைத்தான் அந்தத் திட்டம் விட்டுவிட்டுப் போனது, இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. டோக்கன் கொடுத்து ரேஷன் கடையில் ரொக்கமாகத் தந்த ஆயிரமும், 2021-ல் அதே கடையில் இரண்டு தவணையாகத் தந்த நாலாயிரமும் வந்து சேர்ந்ததற்குக் காரணம், அதற்குப் பாஸ்புக் தேவைப்படவில்லை, கார்டு இருந்தால் போதும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. கணக்கு தொடங்க ரேஷன் கார்டு தேவையே இல்லை. ஆதார், வாக்காளர் அட்டை, அதிகாரி கையெழுத்துள்ள நூறு நாள் வேலை அட்டை, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும், எந்தப் பெயரில் அட்டை இருக்கிறதோ அந்தப் பெயரிலேயே கணக்கு. பான் கார்டு இல்லையென்றால், அது இல்லாதவர்களுக்கான படிவத்தை வங்கியில் கேட்டு வாங்கி எழுதிக் கொடுக்கலாம். "அடிப்படை சேமிப்புக் கணக்கு வேண்டும்" என்று கேளுங்கள், அதில் மினிமம் பேலன்ஸ் வைக்க வேண்டியதில்லை.

இந்த அட்டைகளில் ஒன்றுகூட இல்லாதவருக்கும் வழி இருக்கிறது, கிளையில் பலர் இதைச் சொல்வதே இல்லை. "சிறு கணக்கு" என்று பெயர். ஒரு போட்டோவும், அதிகாரி முன்னால் வைக்கும் கையெழுத்தோ கைநாட்டோ போதும். இருப்பு 50,000, வருடத்து வரவு ஒரு லட்சம், மாதம் எடுப்பது 10,000, இதற்கு மேல் போகக்கூடாது. முதலில் 12 மாதம் செல்லும், அதற்குள் ஏதாவது ஒரு அட்டைக்கு விண்ணப்பித்த சான்றைக் காட்டினால் இன்னும் 12 மாதம்.

வாயால் இல்லை என்று சொல்லி அனுப்பினால், மறுப்பை எழுதித் தரச் சொல்லுங்கள். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் 14448-க்குப் போன் செய்து, குறைதீர்ப்பாளரிடம் எப்படிக் கொண்டுபோவது என்று கேளுங்கள்.

கேள்வி: புளி உடைத்து உடைத்து அம்மாவின் ரேகை தேய்ந்துவிட்டது. மெஷின் வைத்துப் பணம் தருகிறவரிடம் போனால் மூன்று தடவை விரல் வைக்கச் சொல்லி, கடைசியில் "சர்வர் இல்லை" என்கிறார். என்ன செய்வது?
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: ஒவ்வொரு தடவை விரல் வைத்த பிறகும் ரசீதை வாங்கிப் பாருங்கள். ஒரு தடவை பணம் எடுத்துக்கொண்டு, விழவில்லை என்று சொன்ன ஆட்களும் உண்டு, அதனால் அன்றைக்கே பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பார்த்துவிடுங்கள். ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கலாம். அதுவரை அம்மாவை பாஸ்புக்கோடு கிளைக்கே கூட்டிப்போய், பணம் எடுக்கும் சீட்டில் கைநாட்டு வைத்து எடுங்கள். மெஷினில் விழாத விரல் மையில் விழும்.