கேள்வி–பதில்: புதிய மதங்களைத் தடை செய்யலாமா?

கேள்வி: எங்கள் உறவினர் ஒருவர் புதிய மத இயக்கம் ஒன்றில் சேர்ந்துவிட்டார். மூளைச்சலவை செய்துவிட்டார்கள் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். இத்தகைய இயக்கங்களை அரசு தடை செய்துவிட்டால் என்ன?

பதில்: மூளைச்சலவை என்ற சொல்லைச் சற்று ஒதுக்கி வைப்போம். 1970களின் இறுதியில் லண்டன் பகுதியில், தென் கொரியாவில் தோன்றிய யூனிஃபிகேஷன் சர்ச் என்ற புதிய மத இயக்கம் நடத்திய பயிலரங்குகளுக்குச் சென்றவர்களைச் சமூகவியலாளர் ஐலீன் பார்க்கர் ஆராய்ந்தபோது, பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் அந்த இயக்கத்தில் சேரவே இல்லை என்பதும், சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு ஆண்டுகளுக்குள் தாங்களாகவே விலகிவிட்டார்கள் என்பதும் தெரியவந்தன. ஆளை மயக்கும் வித்தை ஏதேனும் கையில் இருந்திருந்தால் கணக்கு இப்படி வந்திராது.

ஆபத்தே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. 1978இல் தென் அமெரிக்க நாடான கயானாவின் ஜோன்ஸ்டவுனில், பீப்பிள்ஸ் டெம்பிள் என்ற மத இயக்கத்தைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்டோர் தலைவரின் கட்டளையால் மாண்டார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் சிறுவர் சிறுமியர். காட்டின் நடுவே குடியிருப்பு, கடவுச்சீட்டுகளோ தலைமையின் கையில். ஆகவே உங்கள் உறவினரின் இயக்கம் எதை நம்புகிறது என்பதைக் காட்டிலும், விலக நினைப்பவர் விலக முடிகிறதா, நன்கொடைக்குக் கணக்கு கேட்க முடிகிறதா, பிள்ளைகளுக்குப் பள்ளியும் மருத்துவமும் கிடைக்கின்றனவா என்பவற்றையே விசாரியுங்கள். (நம்பிக்கையின் விசித்திரத்தை அளவுகோலாக வைத்தால் பழைய மதங்களும் தேறுவது கடினம்.)

தடையைப் பொறுத்தவரை ஜப்பானின் அனுபவம் கவனிக்கத்தக்கது. ஓம் ஷின்ரிக்கியோ என்ற புதிய மத இயக்கம் அங்கே முறையாகப் பதிவு பெற்ற மத நிறுவனமாகவே இருந்தது. 1995 மார்ச் 20 அன்று அதன் உறுப்பினர்கள் டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் நச்சுப்பொருளைப் பரப்பிய பின், அதே ஆண்டில் நீதிமன்றம் அந்நிறுவனத்தைக் கலைத்தது. நன்கொடை என்ற பெயரில் குடும்பங்களை நொடிக்கச் செய்ததற்காக, 2025 மார்ச்சில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் யூனிஃபிகேஷன் சர்ச் நிறுவனத்தையும் கலைக்க உத்தரவிட்டது. கலைப்பு என்றால் பறிபோவது சட்டத் தகுதியும் வரிச்சலுகையுமே. கூடி வழிபடுவதை அது தடுப்பதில்லை. செயலைத் தண்டித்து நம்பிக்கையைத் தொடாமல் விடும் இந்த எல்லை எனக்குச் சரியாகவே படுகிறது.

ஒன்று மட்டும்: அவருடன் பேச்சை முறித்துக்கொள்ளாதீர்கள். நாளை விலக நினைத்தால் அவருக்குத் திரும்பிவர ஒரு வீடு வேண்டும்.

கேள்வி: ஒரு புதிய இயக்கம் எத்தனை ஆண்டுகளில் மதமாகிறது?

பதில்: ஆண்டுக்கணக்கு உதவாது. 1838இல் தோன்றிய தென்ரிக்கியோவை ஜப்பானில் இன்றும் 'புதிய மதம்' என்றே வகைப்படுத்துகிறார்கள். நிறுவனர் மறைந்த பின்னும் இயக்கம் நிலைக்கிறதா, சுற்றியுள்ள சமூகத்துடன் ஏதேனும் உடன்பாட்டுக்கு வருகிறதா என்பவைதாம் தீர்மானிக்கின்றன. 1830இல் அமெரிக்காவில் மார்மன் சபை என்ற கிறித்தவ இயக்கத்தைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித்தை 1844இல் ஒரு கும்பல் கொன்றது. எஞ்சியோரில் பெரும்பகுதியினர் யூட்டாவுக்குப் பெயர்ந்தார்கள். 1890இல் பலதார மணத்தைக் கைவிடுவதாகச் சபை அறிவித்தது. ஆறே ஆண்டுகளில் யூட்டா அமெரிக்காவின் முழு மாநிலமாயிற்று.