லி நா மட்டையைக் கீழே வைத்த இரண்டு ஆண்டுகள்

அன்புள்ள ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்குப் பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு முடிந்த கையோடு பள்ளியை நிறுத்திவிட்டு, வெளியூர் அகாடமி ஒன்றில் முழுநேர டென்னிஸ் பயிற்சிக்குச் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். 'இந்த வயதை விட்டால் அப்புறம் பிடிக்க முடியாது' என்கிறார் பயிற்சியாளர். 'பன்னிரண்டாவதாவது முடிக்கட்டும்' என்கிறார் உங்கள் மனைவி. கடைசிப் பக்கத்தில் நீங்களே ஒரு வாதத்தையும் வைத்திருக்கிறீர்கள்: 'சீனாவில் லி நா வரவில்லையா, இப்போது ஜெங் சின்வென் வரவில்லையா? அவர்களும் சாதாரண வீட்டுப் பிள்ளைகள்தானே?'

அந்த வரியிலிருந்தே பேசுவோம். லி நாவை உதாரணம் காட்டும் பெற்றோர் பெரும்பாலும் 2011 ஜூனில்தான் தொடங்குவார்கள். பாரிஸ், பிரெஞ்சு ஓபன் இறுதிப் போட்டி, எதிரே முந்தைய ஆண்டின் சாம்பியன் ஸ்கியவோனே. 6-4, 7-6. டென்னிஸின் நான்கு பெரும் போட்டிகளான கிராண்ட் ஸ்லாமில் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் ஆசியர். சீனாவில் 11 கோடிப் பேருக்கு மேல் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். எல்லாம் சரி. அன்று லி நாவுக்கு 29 வயது. உங்கள் மகளுக்கு அந்த வயது வர இன்னும் பதினான்கு வருடம் இருக்கிறது. இதை முதலில் மனதில் வையுங்கள். பயிற்சியாளர் காட்டும் அவசரம் கொஞ்சம் தணியும்.

லி நா 1982-ல் ஹூபே மாகாணத்து வுஹான் நகரில் பிறந்தவர். அப்பா பேட்மிண்டன் ஆட்டக்காரர். அதனால் மகளையும் சின்ன வயதிலேயே பேட்மிண்டனில் விட்டார். எட்டு வயது வாக்கில் பயிற்சியாளர் ஒருவர் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணுக்கு டென்னிஸ்தான் பொருத்தம் என்றார், மாற்றினார்கள். அந்தக் காலத்தில் அங்கே டென்னிஸ் என்றால் என்னவென்றே பலருக்குத் தெரியாது. பெரியவர்கள் பேசி முடிவெடுத்தார்கள், பிள்ளை ஆடியது. பதினான்கு வயதில் அப்பாவும் இறந்துவிட்டார். அப்புறம் தேசிய அணி, விடுதி வாழ்க்கை. 1999-ல் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார்.

2002-ன் கடைசியில், இருபது வயதில், தேசிய அணியை விட்டே போய்விட்டார். உடல்நலச் சிக்கல் இருந்தது, பயிற்சியாளருடன் ஒத்துப்போகவில்லை, தன் ஆட்டத்தைப் பற்றித் தனக்கே எந்தச் சொல்லும் இல்லை என்ற சலிப்பும் இருந்தது. போனவர் வுஹானில் ஹுவாஜோங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்கச் சேர்ந்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டு மட்டையைத் தொடவில்லை என்றே சொல்லலாம். பின்னால் அவரைக் கைப்பிடித்த ஜியாங் ஷானும் டென்னிஸ் ஆட்டக்காரர்தான். அவரும் அதே பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

நம் ஊரில் ஒரு பெண் இப்படிச் செய்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 'பத்து வருடம் வீணாய்ப் போச்சு' என்றுதான். வுஹானிலும் அப்படிப் பேசியவர்கள் இருந்திருப்பார்கள்.

2004-ல் திரும்பினார். சீன டென்னிஸ் நிர்வாகத்துக்குத் தலைவராக வந்த சுன் ஜின்ஃபாங், முன்னாள் வாலிபால் வீராங்கனை, நேரில் போய், இந்த முறை உனக்காக ஆடிப் பார் என்ற பொருளில் பேசி அழைத்ததாகச் சொல்வார்கள். தரவரிசை போய்விட்டதால் சின்னப் போட்டிகளிலிருந்து ஏற வேண்டியிருந்தது. அதே ஆண்டு குவாங்சோவில் தகுதிச் சுற்று ஆடி உள்ளே நுழைந்து, பட்டத்தையும் வென்றார். மகளிர் டென்னிஸ் சங்கச் சுற்றில் சீனப் பெண் ஒருவர் வென்ற முதல் ஒற்றையர் பட்டம் அது. 2006-ல் விம்பிள்டன் காலிறுதி. அதுவும் சீனாவுக்கு முதல் முறை. அதே ஆண்டுக் கடைசியில் தோஹா ஆசிய விளையாட்டு அரையிறுதியில் நம் சானியா மிர்சாவிடம் தோற்றார். ஏறுமுகம் என்றாலும் வழியில் இப்படி இறக்கமும் இருக்கும். மாதத்துக்கு ஒரு முறை தரவரிசையைப் பார்த்து முகம் வாடுகிற அப்பாக்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

நான் அதிகம் சொல்ல விரும்புவது பணத்தைப் பற்றி. அதை உங்கள் கடிதம் தொடவே இல்லை.

லி நா வளர்ந்த முறையில் சாப்பாடு, விடுதி, பயிற்சியாளர், விமானச் சீட்டு எல்லாம் அரசின் செலவு. அதற்குப் பதிலாக யார் பயிற்சி தருவது, எந்தப் போட்டியில் ஆடுவது, ஒற்றையரா இரட்டையரா என்பதையெல்லாம் அதிகாரிகள் முடிவு செய்தார்கள். சம்பாதித்ததில் ஏறக்குறைய 65 சதவீதம் அரசுக்குப் போனது. பீஜிங் ஒலிம்பிக்கில் வீனஸ் வில்லியம்ஸை வீழ்த்தி நான்காம் இடம் வந்த அந்த 2008-ன் இறுதியில், அவருக்கும் ஜெங் ஜீ, யான் ஸி, பெங் ஷுவாய் ஆகியோருக்கும் தனியாகப் போக அனுமதி கிடைத்தது. அதைச் சீனத்தில் 'தனியாகப் பறப்பது' என்றே சொன்னார்கள். அரசுக்குக் கொடுக்க வேண்டிய பங்கு 8 முதல் 12 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து பயிற்சியாளர் சம்பளம், ஓட்டல் வாடகை, மருத்துவச் செலவு எல்லாம் அவர் தலையில். கணவரே பயிற்சியாளர் ஆனார். 2010 ஆஸ்திரேலிய ஓபனில் அரையிறுதி, அதைத் தொடர்ந்து உலகின் முதல் பத்து இடங்களுக்குள். 2011-ல் இறுதி வரை போய்க் கிம் கிளைஸ்டர்ஸிடம் தோல்வி. நான்கே மாதத்தில் பாரிஸ்.

அந்த 2011 ஆஸ்திரேலிய ஓபன் அரையிறுதி முடிந்ததும், முந்தைய இரவு கணவரின் குறட்டையால் தூங்கவில்லை என்றார். அப்படியும் எப்படிச் சமாளித்தீர்கள் என்றதற்கு, பரிசுப் பணம் என்றார். மொத்த அரங்கமும் சிரித்தது. எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடிக்கும். தன் தொழில் ஒரு தொழில்தான் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

ஜெங் சின்வென் பிறந்தது 2002 அக்டோபரில், அதே ஹூபே மாகாணத்தில், ஷியான் என்ற ஊரில். லி நா அணியை விட்டுப் போன அதே ஆண்டுக் கடைசி. இவருடைய பாதை வேறு. அப்பா முன்னாள் தடகள வீரர். மகளை எட்டு வயதில் வுஹானுக்கு அழைத்துப்போய், சிறுவயதில் லி நாவுக்குப் பயிற்சி தந்த அதே பயிற்சியாளரிடம் விட்டார். பிறகு பீஜிங்கில் கார்லோஸ் ரோட்ரிகஸ் என்ற பயிற்சியாளரிடம். 2019-ல் அம்மாவும் மகளுமாகப் பார்சலோனாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். இங்கே முடிவெடுத்ததும் குடும்பம், கஷ்டத்தைத் தாங்கியதும் குடும்பம். 2024 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் சபலென்காவிடம் தோல்வி. அதே ஆண்டு ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஷ்வியான்டெக்கை அரையிறுதியிலும் வேகிச்சை இறுதியிலும் வென்று தங்கம். பிரெஞ்சு ஓபன் நடக்கும், லி நா வென்ற அதே ரோலாண்ட் காரோஸ் களிமண்ணில். 2025-ல் உலகின் நான்காம் இடம் வரை போனார். அந்த ஜூலையிலேயே முழங்கை அறுவைச் சிகிச்சை. வயது 22.

இப்போது உங்கள் மகளின் நிலையைப் பாருங்கள். அவள் பின்னால் சீன அரசும் இல்லை, இப்போதைக்கு விளம்பர நிறுவனமும் இல்லை. நீங்கள் இருக்கிறீர்கள், வருங்கால வைப்பு நிதி இருக்கிறது, வீட்டுக் கடன் இன்னும் முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். யார் பணம் போடுகிறார்களோ அவர்கள் சொல்லுக்கு எடை கூடும். சீனாவில் அது அதிகாரிகளின் சொல்லாக இருந்தது. உங்கள் வீட்டில் அது உங்கள் சொல்லாகிவிடும். 'உனக்காக இவ்வளவு செலவழித்தேனே' என்ற வாக்கியம் எந்த அப்பாவும் திட்டமிட்டுச் சொல்வதில்லை; தோற்றுவிட்டுத் திரும்பும் ரயிலில் தானாக வாயில் வந்துவிடும்.

வருமானக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2024 ஆஸ்திரேலிய ஓபனில் ஒற்றையர் முதல் சுற்றிலேயே தோற்றவருக்கு 1,20,000 ஆஸ்திரேலிய டாலர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிரதான சுற்றில் இடம் 128 பேருக்குத்தான், அதில் தரவரிசையால் நேரடியாக நுழைபவர்கள் சுமார் நூறு பேர். அடிமட்டத் தொழில்முறைப் போட்டிகளில் மொத்தப் பரிசே 15,000 அமெரிக்க டாலர். அதை ஒற்றையர், இரட்டையர் எல்லோரும் பங்கிட வேண்டும். முதல் சுற்றில் தோற்றால் வருவது ஓட்டல் வாடகைக்கே காணாது. உங்கள் மகள் குறைந்தது மூன்று நான்கு வருடம் அந்த மட்டத்தில்தான் சுற்ற வேண்டியிருக்கும்.

வயது விதியும் ஒன்று இருக்கிறது. பயிற்சியாளர் சொல்லியிருக்க மாட்டார். மகளிர் தொழில்முறை டென்னிஸில் 14 வயது ஆகும்வரை ஆடவே முடியாது. அதன்பின் 18 வரை ஆண்டுக்கு இத்தனை போட்டிதான் என்று வரம்பு உண்டு. சிறுமிகளாக வந்து சீக்கிரமே சோர்ந்து விழுந்தவர்களைப் பார்த்த பிறகு போட்ட விதி அது. ஆக, பள்ளியை விட்டதால் மிச்சமாகும் நாளையெல்லாம் போட்டியில் செலவிட முடியாது.

எனவே என் யோசனை இது. பள்ளியை நிறுத்த வேண்டாம், மாற்றுங்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பதினொன்று, பன்னிரண்டை அவள் பயிற்சிக்கு ஏற்றபடி எழுதலாம். ஒவ்வொரு தேர்வாகக்கூட எழுதி முடிக்க வழி இருக்கிறது. லி நா அந்த இதழியல் பட்டத்தை 2009-ல்தான் முடித்தார். சேர்ந்து கிட்டத்தட்ட ஏழு வருடம் கழித்து, நடுவில் விம்பிள்டனும் ஒலிம்பிக்கும் ஆடிக்கொண்டே. படிப்பு மெதுவாகப் போகலாம். கதவை மட்டும் சாத்திவிடாதீர்கள். பன்னிரண்டு முடித்திருந்தால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் டென்னிஸ் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். முடிக்காவிட்டால் அந்த வழி இல்லை. நல்ல ஜூனியர் ஆட்டக்காரிக்கு அது இரண்டாம்தர வழி அல்ல. அங்கே நான்கு வருடம் ஆடிவிட்டுத் தொழில்முறைக்கு வந்தவர்கள் நிறைய.

சில வருடம் முன்பு என்னிடம் ஒரு பெண் வந்தாள். பேட்மிண்டன், மாநில அளவில் நல்ல பெயர். பதினெட்டில் முழங்கால் போனது. கையில் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மட்டும். அவள் அழுதது முழங்காலுக்காக அல்ல, தன் வயதுப் பிள்ளைகள் கல்லூரி இரண்டாம் ஆண்டு போவதைப் பார்த்து. லி நாவுக்கே நான்கு முறை முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்தது. 2014 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபனை வென்று உலகின் இரண்டாம் இடத்துக்குப் போனவர், அதே செப்டம்பரில் ஓய்வை அறிவித்தார். சொந்த ஊரான வுஹானில் முதன்முதலாகப் பெரிய சர்வதேசப் போட்டி தொடங்க ஓரிரு நாள்தான் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு ஒரு தொகையை ஒதுக்குங்கள், வீட்டைத் தொடாமல். எவ்வளவு என்பதை மனைவியும் நீங்களும் உட்கார்ந்து எழுதிவையுங்கள். இரண்டு வருட முடிவில் சர்வதேச ஜூனியர் தரவரிசையில் எங்கே நிற்கிறாள் என்று பயிற்சியாளர் அல்லாத, டென்னிஸ் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். வார இறுதியில் நீங்களே அவளுக்குப் பந்து போட்டுப் பயிற்சி தருவதாக எழுதியிருந்தீர்கள், அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். லி நா 2012-ல் ரோட்ரிகஸைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டபோது, கணவர் பயிற்சியாளர் பொறுப்பை விட்டுவிட்டுப் பயிற்சித் துணையாக மட்டும் இருந்தார். சாப்பாட்டு மேசையிலும் ஆட்டத்தைப் பற்றியே பேச்சு ஓடாமல் போனது இருவருக்கும் நல்லதாயிற்று என்று நினைக்கிறேன்.

ஒன்றை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். நான்கு பக்கக் கடிதம். பயிற்சியாளர் என்ன சொன்னார், மனைவி என்ன சொன்னார், மைத்துனர் என்ன சொன்னார் என்று எல்லாம் இருக்கிறது. மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை. நீங்கள் கேட்டிருப்பீர்கள், எழுத மறந்திருப்பீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் அப்பா கேட்டால் 'சரிப்பா' என்று சொல்லும் பிள்ளைகள் நிறைய உண்டு. எட்டு வயதில் யாரும் தன்னைக் கேட்காததற்கான பதிலை லி நா இருபது வயதில்தான் சொன்னார், அணியை விட்டுப் போய்.

தேர்வு முடிந்த வாரத்தில் அவளை அழைத்து வாருங்கள். ஒரு மணி நேரம் அவள் மட்டும் என்னுடன் பேசட்டும். நீங்கள் கீழே டீக்கடையில் இருங்கள். அங்கே மெதுவடை நன்றாக இருக்கும். அகாடமிக்கு முன்பணம் கட்டுவதை மட்டும் அதுவரை தள்ளிப்போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்