பழைய தோட்ட நிலத்தில் அடித்த மருந்தை மண்ணிலுள்ள பாக்டீரியா தின்றுவிடுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் முன்பு ரப்பரும் பிறகு செம்பனையும் (பாமாயில் மரம்) இருந்த நிலத்தில் காய்கறி போடப் போகிறேன், பாட்டில் பாக்டீரியா வாங்கி ஊற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காசை எடுக்கும் முன், அங்கே மருந்தடித்த அக்காமார் யாராவது இருந்தால் என்ன மருந்து என்று விசாரியுங்கள். பெயர் மறந்திருந்தாலும் நீலப்பச்சை நிறமும் குமட்டும் வாடையும் மறந்திருக்காது. அது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. தெரியாமல் யாரும் குடித்துவிடக் கூடாது என்று சாயமும் நாற்றமும் வேண்டுமென்றே சேர்ப்பார்கள்.

பாராகுவாட் களிமண்ணில் பட்டதும் இறுக ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை நுண்ணுயிர்களால் எட்ட முடியாது, வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். செடியாலும் அதை உறிஞ்ச முடியாது என்பதுதான் ஆறுதல். மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை.

அடித்தது கிளைபோசேட் என்ற களைக்கொல்லி என்றால் கவலை குறைவு. மண் பாக்டீரியா அதை உடைக்கும்; சில வகைகள் அதிலுள்ள பாஸ்பரஸுக்காகவே உடைக்கும். இடையில் உருவாகும் ஆம்பா என்ற மிச்சம் போக மட்டும் இன்னும் கொஞ்ச நாளாகும்.

பாட்டில் விஷயத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. பிலிப்பைன்ஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் டயசினான் என்ற பூச்சிமருந்து அடித்த வயல் தண்ணீரிலிருந்து, அதையே தின்று வளரும் பாக்டீரியாவை சேதுநாதன், யோஷிதா என்ற ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து 1973-இல் எழுதினார்கள். யாரும் கொண்டுவந்து ஊற்றியதல்ல. திரும்பத் திரும்ப அதே மருந்தை அடித்தால், அதைத் தின்னத் தெரிந்தவை தானே பெருகும். விவசாயிக்கு இது தலைவலி, ‘மருந்து இப்போதெல்லாம் கேட்கவே மாட்டேங்குது’ என்பார். உங்களுக்கோ லாபம். பனை மரத்தைச் சுற்றி மருந்தடித்த வட்டத்தைப் பாருங்கள்: புல் இருக்காது, இறுகிய மண்மேல் பச்சைப் பாசி மட்டும் படர்ந்திருக்கும். அங்கே மண்வெட்டியால் கொத்தி, மக்கிய குப்பையும் ஈரமும் கொடுங்கள். இருக்கிற பாக்டீரியாவே வேலையைப் பார்க்கும்.

நான் பயப்படுவது ரப்பர் காலத்துக்கு. அப்போது மலாயாத் தோட்டங்களில் களைக்கு அடித்தது ஆர்சனிக் என்ற நஞ்சு உள்ள சோடியம் ஆர்சனைட். ஆர்சனிக் ஒரு தனிமம், உடைந்து வேறொன்றாக அதில் எதுவுமில்லை. சில பாக்டீரியா அதன் வடிவத்தை மாற்றலாம், ஆனால் எந்தப் பாக்டீரியாவாலும் அதை இல்லாமல் ஆக்க முடியாது. சாதாரண உரப் பரிசோதனையில் இது தெரியாது. ஆய்வுக்கூடத்தில் ஆர்சனிக் பார்க்கச் சொல்லித் தனியாகக் கேளுங்கள். முடிவு வரும்வரை கீரையை வேறு மண் போட்ட தொட்டியில் வளருங்கள்.