பூஞ்சையைப் படித்தால் வேலை கிடைக்குமா?

அம்மா, உங்கள் மகள் பயிர் நோயியலில் முதுநிலை படிக்க ஆசைப்படுகிறாள், அதிலும் தானியத்தையும் பயறு வகைகளையும் தாக்கும் பூஞ்சைகளைத்தான் படிப்பேன் என்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். "இதைப் படித்து யாரிடம் போய் வேலை கேட்பாள்?" என்ற உங்கள் கேள்வி நியாயமானது.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. தீவனத்தில் கலந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை சுரந்த நஞ்சுதான் காரணம். அஃப்ளாடாக்சின் என்று பிறகு பெயரிட்டார்கள். 2004இல் கென்யாவில் அதே நஞ்சு மக்காச்சோளத்தின் வழியாக 125 பேரைக் கொன்றது. சமைத்தாலும் இது பெரும்பாலும் அழியாது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம், மக்கள் நேரடியாகச் சாப்பிடும் நிலக்கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது. நூறு கோடி பங்கில் நான்கு பங்கு! இதை அளக்க ஆள் வேண்டும், வராமல் தடுக்கவும் ஆள் வேண்டும். உணவு ஆலைகள், தீவன ஆலைகள், ஏற்றுமதிப் பரிசோதனைக் கூடங்கள், விதை நிறுவனங்கள், ஆராய்ச்சி நிலையங்கள் எல்லாவற்றிலும் இந்த வேலை உண்டு.

ஆனால் பட்டம் மட்டும் போதாது. ஒரு மூட்டையில் பெரும்பாலான மணிகள் சுத்தமாக இருக்கும், எங்கோ கிடக்கும் ஒன்றிரண்டு மணிகளில் நஞ்சு குவிந்திருக்கும். ஒரே இடத்தில் கைவிட்டு அள்ளினால், கருவி எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அந்த அளவு மூட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மாதிரி எடுப்பதில்தான் பெரிய பிழை நடக்கிறது. அதனால் புள்ளியியலை அவள் ஒப்புக்குப் படித்துவிட்டுப் போகக் கூடாது. நோயியலும் புள்ளியியலும் சேர்ந்து தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. எச்பிஎல்சி (கலவையைப் பிரித்து அதிலுள்ள நஞ்சை அளக்கும் முறை), எலிசா (எதிர்ப்பொருளைக் கொண்டு நஞ்சைக் கண்டறியும் முறை) போன்ற பரிசோதனைகளில் கைப்பழக்கமும் வேண்டும்.

நச்சோடு புழங்குவது ஆபத்தில்லையா என்றும் கேட்டிருந்தீர்கள். கையுறை, முகக்கவசம், நச்சுக் காற்றை வெளியே இழுக்கும் பெட்டி என்று ஒழுங்காக நடக்கும் கூடத்தில் பயப்பட வேண்டியதில்லை. சேரும் முன் அவளே போய்க் கூடத்தைப் பார்த்துவிட்டு வரட்டும்.

அப்புறம், அவளிடம் ஒன்று கேளுங்கள்: வயலா, ஆய்வுக்கூடமா? காய் முற்றும் நேரத்து வறட்சி நிலக்கடலையில் அஃப்ளாடாக்சினைச் சுரக்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைக்குக் கதவு திறக்கிறது. கோதுமை பூக்கும்போது மழை பெய்தால் ஃப்யூசேரியம் என்ற இன்னொரு பூஞ்சை கதிரைப் பிடிக்கிறது. இப்படி வானத்தையும் செடியையும் பார்ப்பதில் ஆர்வம் என்றால் எதிர்ப்புத் திறனுள்ள ரகங்களை உருவாக்குவதும், நஞ்சு சுரக்காத பூஞ்சையை வயலில் விட்டு நஞ்சு சுரக்கும் பூஞ்சையை ஒதுக்குவதும் அவளுக்குப் பொருந்தும். அளப்பதில்தான் ருசி என்றால் உணவு வேதியியல் பக்கம் சாயும் துறை நல்லது. இரண்டுக்கும் சேர வேண்டிய வழிகாட்டிப் பேராசிரியர்கள் வேறு வேறு. அவள் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள், எங்கெங்கே விண்ணப்பிக்கலாம் என்று சேர்ந்தே பார்ப்போம்.