பொறியியலை விட்டுப் பாட்டெழுதப் போகும் தம்பிக்காக

அன்புள்ள அம்மா, வணக்கம்.

நியூஜெர்சியில் பிறந்து வளர்ந்த மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டு, கன்ட்ரி எனும் அமெரிக்கக் கிராமிய இசையின் தலைநகரான நாஷ்வில் போய், அதோடு புளூஸும் நாட்டுப்பாடலும் கலந்த அமெரிக்கானா பாடகராகப் போகிறேன் என்கிறான், கேட்டால் பாடகர் கிறிஸ் ஸ்டேபிள்டனைக் காட்டுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். தம்பி நல்ல ஆளைத்தான் காட்டியிருக்கிறான். ஆனால் அந்தக் கதையை 2015-லிருந்து படிக்கிறான். 1996-லிருந்து படிக்க வேண்டும்.

ஸ்டேபிள்டன் கென்டக்கியின் நிலக்கரிச் சுரங்கப் பகுதிக்காரர். அப்பா சுரங்கப் பொறியாளர். பள்ளியில் முதல் மாணவரான இவர் 1996-ல் நாஷ்வில்லின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பொறியியல் சேர்ந்தார், முடிக்காமலே ஊர் திரும்பினார். மறுபடி நாஷ்வில் வந்தது 2001-ல், பிறர் பாடப் பாட்டெழுதித் தரும் வேலைக்காக. சில நாள்களிலேயே சீ கேல் என்ற பாடல் பதிப்பு நிறுவனம், அதாவது பாடல்களின் உரிமையை வைத்துப் பாடகர்களிடம் கொண்டுசேர்க்கும் நிறுவனம், ஒப்பந்தம் போட்டது.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது. காலையில் பதிப்பு நிறுவனத்தின் அறையில் இரண்டு மூன்று பேர் கிடாரோடு உட்காருவார்கள், பெரும்பாலும் அன்றைக்கே ஒரு பாட்டை முடிக்கப் பார்ப்பார்கள். மாதாமாதம் வரும் தொகை சம்பளம் மாதிரி தெரியும், ஆனால் அது முன்பணம். பின்னால் வரும் ராயல்டியில் கழித்துக்கொள்வார்கள். 2006 முதல் 2022 வரை அமெரிக்காவில் விற்கும் ஒரு பிரதிக்குப் பாடல் ராயல்டி 9.1 சென்ட். ஒரு லட்சம் பிரதி விற்றால் 9,100 டாலர். பதிப்பாளர் பாதி எடுத்து, மீதியை எழுதிய மூன்று பேர் பங்கிட்டால் ஆளுக்கு 1,500 டாலர் சொச்சம். வானொலியில் ஒலித்தால் தனி வருமானம் உண்டு. பெரிய பணம் பெரும்பாலும் அங்கேதான்.

கன்ட்ரி பாடகர்கள் கென்னி செஸ்னி, ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட், லூக் பிரையன் பாடிப் பெரிய வெற்றி பெற்ற பாடல்களில் ஸ்டேபிள்டனின் எழுத்து இருக்கிறது. இடையில் ஸ்டீல்டிரைவர்ஸ் என்ற புளூகிராஸ் (பாஞ்சோ, ஃபிடில் போன்ற கம்பிக் கருவிகளின் கிராமிய இசை) குழுவில் பாடினார். 2013-ல் தன் பெயரில் வெளியிட்ட ஒற்றைப் பாடல் எடுபடவில்லை. முதல் தனி ஆல்பம் 'டிராவலர்' 2015 மே மாதம் வந்தபோது அவருக்கு 37 வயது. அந்த நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிஎம்ஏ விருது மேடையில் பாப் பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக்குடன் பாடி, மூன்று விருதுகளும் வாங்கிய பிறகுதான் ஆல்பம் முதலிடத்துக்குப் போனது.

ஒரு தடவை நீங்களும் கேளுங்கள் அம்மா. கன்ட்ரி பாட்டின் எளிய சொற்கள், அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையின் நிதானம், கரகரத்த குரல். ஒரே எழுத்தை இழுத்து வளைத்துப் போகும்போது நம் காதுக்குக் கமகம் நினைவுக்கு வரும். தயாரிப்பாளர் டேவ் காப் சிறிய குழுவை வைத்துப் பதிவு செய்ததால் அந்தக் குரலுக்கு நிறைய இடம் கிடைத்தது. தம்பி ஏன் மயங்கினான் என்பது புரியும். எனக்கும் அந்தக் குரல் மிகப் பிடிக்கும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இதுவரை முடித்த பாடல்கள் எத்தனை, மற்றவரோடு சேர்ந்து எழுதியவை எத்தனை என்று தம்பியிடம் கேளுங்கள். பாடிய காணொளிகளின் கணக்கு வேண்டாம். எழுதும் பழக்கம் இருந்தால், இந்தக் கோடை விடுமுறையில் நாஷ்வில் அனுப்புங்கள். புளூபேர்ட் கஃபே போன்ற இடங்களில், புதியவர்களும் பாடக்கூடிய திறந்த மேடையில் ஏறட்டும். அதற்குப் பிறகும் உறுதியாக இருந்தால், படிப்பை விடுவதற்குப் பதில் இடைவிடுப்பு கிடைக்குமா என்று கல்லூரியில் கேளுங்கள். நாஷ்வில்லின் பெல்மான்ட் பல்கலைக்கழகத்தில் பாடல் எழுதுவதற்கே பட்டப்படிப்பு இருக்கிறது, மாறிச் சேர முடியுமா என்றும் பாருங்கள். என் விருப்பம் இந்த இரண்டாவது வழிதான். கூட எழுதும் ஆட்கள் அங்கேதான் கிடைப்பார்கள்.

26 வயது வரை உங்கள் மருத்துவக் காப்பீட்டிலேயே தம்பியை வைத்திருக்கலாம், அதை எடுத்துவிடாதீர்கள். பாட்டை வெளியிடக் காசு கேட்கும் பதிப்பு நிறுவனம் எதுவானாலும் ஒதுங்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் வந்தால் இசைத்துறை வழக்கறிஞர் படித்துப் பார்க்கும் வரை கையெழுத்து வேண்டாம்.